நோர்வே அக்காவின் சரக்கு

அக்கா யாரையும் "குளிருதா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "உமக்குக் குளிருது" என்று சொல்லிவிடுவார். இல்லை என்று மறுத்தால் அதைக் காதில் வாங்க மாட்டார். கையுறையைக் கழற்றச் சொல்லி விரல் நுனியை அழுத்திப் பார்ப்பார். காது மடலைக் கிள்ளுவார். காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடரியைத் தொடுவார். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அவர் சொன்னதற்குச் சாட்சி சொல்லும். நமக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதில் நமக்கு ஓட்டுரிமை கிடையாது.

எல்லோருக்கும் அவர் அக்கா. வெள்ளைக்காரர்கள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படகு ஒதுக்கும் பலகையில்கூட ஆங்கிலத்தில் 'அக்கா' என்றே எழுதியிருக்கும். தமிழர்களுக்கு அவர் நோர்வே அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போய், அங்கே வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்தவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஆள் குள்ளம். நாலு கம்பளிச் சட்டை போட்டு அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிவிட்டால் உயரமும் அகலமும் ஒன்றாகிவிடும்.

நான் ஈரோட்டுக்காரன். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இரண்டு வருஷ வேலைக்காக லண்டன் வந்து விம்பிள்டனில் ஓர் அறையில் இருந்தேன். 2009 கோடையில் அலுவலகத்தில் எங்களை ஒரு நாள் ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பாய்மரப் படகில் ஏற்றினார்கள். நல்ல வெயில், இதமான காற்று, கரையில் ஐஸ்கிரீம். மயங்கிவிட்டேன். அக்டோபரில் சேருபவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் படகுக் கழகம் அறிவித்திருந்தது. ஏன் பாதி என்று யோசிக்காமல் சேர்ந்தவன் அந்த வருஷம் நான் ஒருவன்தான் என்று பிறகு சொன்னார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ, அம்மா ஊரிலிருந்து அனுப்பிய குரங்குக் குல்லா சகிதம் போய்ப் படகுத்துறையில் நின்றேன். அக்கா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தியாவோ?"

"ஆமாங்க."

"தொப்பி நல்ல தொப்பி. அதைக் கழட்டாதையும். ஜீன்ஸைக் கழட்டும்."

துறையில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் நின்றார்கள். நான் காதில் விழாதது போல ஏரியைப் பார்த்தேன்.

"தம்பி, உமக்குக் குளிருது. பருத்தி நனைஞ்சால் ஆளை விழுத்தும். கம்பளி நனைஞ்சாலும் கைவிடாது. உள்ள போய் இதைப் போட்டுக்கொண்டு வாரும்" என்று தன் பையிலிருந்து கலைமான் படம் போட்ட ஒரு கம்பளிக் கால்சட்டையை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு வந்தேன். அதோடு விடவில்லை. மெல்லிய சொக்ஸ், அதன்மேல் கம்பளி சொக்ஸ், அதன்மேல் 'பாண் பை' என்றார். பாண் என்றால் ரொட்டி. ரொட்டி வாங்கும்போது வரும் பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, அதன்மேல் ரப்பர் பூட்ஸ். கைக்குக் கம்பளிக் கையுறை, அதன்மேல் 'கோப்பை கழுவுற கையுறை', அதாவது பாத்திரம் கழுவும்போது போடும் மஞ்சள் ரப்பர் உறை. எப்போதும் ஒரு டஜன் வைத்திருப்பார். இப்படியாக, அடிக்கு அடி சரசரத்துக்கொண்டு நான் முதல் முறையாக அக்காவின் படகில் ஏறினேன். டிங்கி என்று மற்றவர்கள் சொல்லும் அந்தச் சின்னப் படகை அவர் வள்ளம் என்பார்.

வள்ளத்தில் ஏறிவிட்டால் சும்மா உட்கார விட மாட்டார். "குளிர் காத்தில இருந்து வாறேல்லை. சும்மா இருக்கிறதில இருந்துதான் வருது" என்பது அவர் கட்சி. சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தாளம் போடுவார். நாம் அதற்கேற்பக் காலைத் தரையில் தட்ட வேண்டும். அவர் படகு வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரியும்.

உடுப்பு பாதிதான், மீதி சாப்பாட்டில் இருக்கிறது என்பது அடுத்த பாடம். சூட்டுச் சாப்பாடு, குளிர்ச்சிச் சாப்பாடு என்ற கணக்கு நமக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரிந்தது. அதை இங்கிலீஷ்காரர்களுக்குப் புரியவைக்கலாம் என்று நம்பிய ஒரே ஆள் அக்காதான். படகுக்காரர்களுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். துறையில் நின்று உரித்து உரித்துத் தின்பார்கள். அக்கா ஒருநாள் ஆறடி உயரமுள்ள ஒருவரின் கையிலிருந்து பாதி உரித்த பழத்தைப் பிடுங்கிவிட்டார்.

"நோ பனானா. பனானா இஸ் கோல்ட்" என்றார்.

அந்த மனிதர் பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது பையில் இருந்த பழம், ஃபிரிட்ஜில் வைத்ததல்ல என்று விளக்கினார்.

"நொட் அவுட்சைட். இன்சைட் கோல்ட்" என்று சொல்லிவிட்டு, பழத்துக்குப் பதிலாக ஓர் எள்ளுருண்டையைக் கையில் வைத்தார். அந்த மனிதர் உதவிக்கு ஆள் தேடுவது போல என்னைப் பார்த்தார். மனசாட்சிப்படி என்னால் அக்காவை மறுக்க முடியவில்லை. வாழைப்பழம் குளிர்ச்சிதானே. தலையைக் குனிந்துகொண்டேன்.

வார நாட்களில் அக்காவை டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையின் மீன் பகுதியில் பார்க்கலாம். ஐஸ் கட்டிக்குள் கையை விட்டு விட்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே, எதிரே நிற்கிற வாடிக்கையாளரின் கழுத்தைப் பார்ப்பார். "பிள்ளைக்குக் காது திறந்துகிடக்கு, மூடும்" என்று ஒரு தாயைக் கடிந்துகொண்டதை நானே கேட்டிருக்கிறேன். மீன் வாங்கப் போனவர்கள் இரண்டு துண்டு அறுக்குளா மீனும் ஒரு ஜோடி சொக்ஸுமாகத் திரும்பிய கதைகள் உண்டு. நானும் ஒரு முறை அப்படித் திரும்பினேன்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று ஒருநாள் படகில் கேட்டேன். அன்று காற்று விழுந்துபோய் ஏரி நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

"கோடையில வந்து பாரும்" என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளையள், போட்டிக்காரர், அவையின்ர சனம். எனக்கு வள்ளமும் கிடைக்காது, என்னோட கதைக்கவும் ஆள் இல்லை. ஆருக்கும் நான் தேவையில்லை. குளிருக்குள்ளதான் சனம் என்னைத் தேடுது. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு லீவு. மகன் ஒஸ்லோவில. வீட்டில இருந்து நான் என்ன செய்ய?"

அந்த ஞாயிறுகளுக்கு அந்த வருஷம் ஆபத்து வந்திருந்தது. கழகத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். காதில் பென்சில், கையில் அட்டை, எதற்கும் ஒரு விதி. குளிர்காலத்தில் நாம் படகு ஓட்டும்போது இரண்டு பேர் மீட்புப் படகில் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். நாலைந்து பேருக்காக அவர்களை விறைக்க வைப்பது நியாயமில்லை என்று அவர் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் குறைந்தது எட்டுப் பேர் ஒரு மணி நேரம் தண்ணீரில் இருக்க வேண்டும். நடுவில் யாராவது குளிர்கிறது என்று சொன்னால், பாதுகாப்பு முறைப்படி அவரை உடனே கரைக்குக் கொண்டுவந்து கணக்கிலிருந்து பெயரை அடித்துவிட வேண்டும். ஒரு ஞாயிறு எட்டுக்குக் குறைந்தால் எச்சரிக்கை. இரண்டாவது முறை குறைந்தால் மார்ச் வரை ஏரிக் கதவுக்குப் பூட்டு.

அக்கா இந்த விதியைக் கேட்டுவிட்டுச் சண்டை போடவில்லை. "அப்ப ஆருக்கும் குளிரக் கூடாது, அவ்வளவுதானே" என்றார். அன்றிலிருந்து பையில் கையுறைகள் இரட்டிப்பாகின. ஒரு பெரிய ஸ்டீல் பிளாஸ்க்கும் வந்து சேர்ந்தது.

பிளாஸ்க் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை பத்து மணி. அக்கா துறையில் நின்று சின்னச் சின்னக் கப்புகளில் எதையோ ஊற்றினார். என்னிடமும் நீட்டினார்.

"சரக்குத் தண்ணி. குடியும், உடம்பு சூடாகும்."

எங்கள் ஊரில் சரக்கு என்றால் ஒரே பொருள்தான். தண்ணி என்றாலும் அதே பொருள்தான். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில், காலை பத்து மணிக்கு, ஒரு அக்கா சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். விமானம் ஏறும்போது, போகிற ஊரில் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவன் நான்.

"எனக்குப் பழக்கமில்லீங்க்கா" என்றேன்.

"பழக்கம் என்ன பழக்கம். எங்கட ஆக்கள் பொம்பிளையளுக்குத்தான் இதைக் கூடக் குடுக்கிறது. ஒரு மடக்குக் குடிச்சுப் பாரும்."

அதைக் கேட்டு எனக்கு அதிர்ச்சி இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. வேண்டாம் என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மற்றவர்கள் நகரவில்லை. ஒரு மடக்குக் குடித்ததும் முகம் சிவந்தது, கண்ணில் நீர் வந்தது, இருமினார்கள், சிரித்தார்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள், இன்னொரு கப் கேட்டார்கள். நான் ஈரோட்டில் மதுக்கடை வாசலில் பார்த்த அதே காட்சி. வாழைப்பழம் பறிகொடுத்தவர் மூன்று கப் குடித்துவிட்டு, நேராக உச்சந்தலைக்கு ஏறுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த ஞாயிறு பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பதின்மூன்று. வரும்போதே கப்பைக் கையில் கொண்டு வந்தார்கள்.

ஆறு வாரம் இப்படிப் போனது. என் சிக்கல் என்னவென்றால் நான் அக்காவின் படகில் இருந்தேன். சுக்கான் அவர் கையில். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் இவ்வளவு ஊற்றிக் கொடுப்பவர் குடிக்காமலா இருப்பார். அவர் தாளம் போடுவது, காதைக் கிள்ளுவது, பழத்தைப் பிடுங்குவது எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே நொடியில் காரணம் விளங்கிவிட்டது போல இருந்தது. எனக்கு நீச்சலும் அரைகுறை.

நவம்பர் கடைசியில் செயலாளரிடம் போய், யாரையும் குறிப்பிடாமல், பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் குடித்திருந்தால் கழக விதி என்ன சொல்கிறது? அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். என் கண் தானாக பிளாஸ்க்குப் பக்கம் போய்விட்டது. அவர் என் கண்ணைப் பின்தொடர்ந்து போனார். ஆசிரியராக இருந்தவர் அல்லவா.

பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார். நாலு தும்மல் போட்டார். கண் இரண்டும் சிவந்துவிட்டன. சுவைத்துப் பார்க்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, கடமையில் இருக்கும்போது சந்தேகத்துக்குரிய பானத்தைச் சுவைத்தால் அதே விதியை நானும் மீறியவன் ஆவேன் என்றார். உள்ளே என்ன என்று அக்காவைக் கேட்டார்.

"மெடிசின்" என்றார் அக்கா.

மருந்து என்றால் அது வேறொரு விதியில் வரும் என்று செயலாளர் அட்டையில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும் வரை பிளாஸ்க் துறைக்கு வரக் கூடாது, அக்கா சுக்கான் பிடிக்கக் கூடாது. அக்கா கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பையில் வைத்தார். நான் ஷூ லேஸைக் கட்டுவது போலக் குனிந்திருந்தேன். என் காலில் இருந்தவை ரப்பர் பூட்ஸ். லேஸே கிடையாது.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஆறு. எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டப்பட்டது. செய்தது நான் என்பது எனக்குத் தெரியும். அது அக்காவுக்குத் தெரியாது என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. துறையில் நின்று யார் யார் வரவில்லை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, சனிக்கிழமை கொமிட்டி கூடுதாம். என்ர இங்கிலீஷ் பாதி நோர்வேக்காரன்ர இங்கிலீஷ். நீர் வந்து எனக்காகக் கதைக்க ஏலுமோ? முதல் வீட்ட வாரும், என்ன சாமான் எண்டு காட்டுறன்."

மோர்டனில் அவர் வீடு. சமையலறையில் வைத்து ஒவ்வொரு போத்தலாகத் திறந்து காட்டினார். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், திப்பிலி, உள்ளி, வேர்க்கொம்பு. நான் எதிர்பார்த்த போத்தல் ஒன்றுகூட அங்கே இல்லை. உள்ளி என்று அவர் காட்டியது பூண்டு, வேர்க்கொம்பு என்றது சுக்கு. எல்லாவற்றையும் வறுத்து, அரைத்து, கொதிக்கவிட்டார். ஆவி முகத்தில் அடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எங்கள் வீடு முழுக்க ஒரு மாதம் அடித்த வாசனை இது. எங்கள் பக்கத்தில் இதற்குச் செலவு ரசம் என்று பெயர். மளிகைச் சாமானுக்குச் செலவு என்று நாங்கள் பெயர் வைத்தோம். அவர்கள் சரக்கு என்று வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடாக இருக்க வேண்டும் என்று கொடுப்பது. பொம்பிளையளுக்குத்தான் கூடக் குடுக்கிறது என்று அவர் சொன்னது இதைத்தான்.

"ஆரோ ஒரு விசரன்" என்று கிளறிக்கொண்டே சொன்னார் அக்கா, "நான் குடிச்சுப்போட்டு வள்ளம் ஓடுறன் எண்டு போய்ச் சொல்லியிருக்கிறான்."

"அந்தப் பைத்தியக்காரன் நான்தானுங்க்கா" என்றேன்.

கரண்டி நின்றது. எங்கள் ஊரில் சரக்கு என்றால் என்ன என்று சொன்னேன். தண்ணி என்றால் என்ன என்றும் சொன்னேன்.  அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, என் காலருக்குள் இரண்டு விரலை விட்டார்.

"பயத்தில வேர்த்திருக்கு. வேர்வையோட வெளியில போனால் உமக்குக் குளிரும்" என்று ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். அடுப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். "ஆறு கிழமை என்னை ஒரு குடிகாரி எண்டு நினைச்சுக்கொண்டு, என்ர வள்ளத்தில எப்பிடித் தம்பி இருந்தனீர்?"

அந்த வருஷம் அவர்கள் ஊரில் என்ன நடந்து முடிந்தது என்பது எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் கேட்கத் துணிவு வந்ததில்லை. அன்று அவர் சிரிப்பதைப் பார்த்ததில் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கழகத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கழகத்தின் மாடி அறையில் குழு கூடியது. அக்காவும் நானும் ஒரு பக்கம். செயலாளரும் எட்டு உறுப்பினர்களும் மறுபக்கம். நடுவில் பிளாஸ்க். நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். மல்லி, மிளகு, சீரகம் என்று சொல்லிக்கொண்டு போகும்வரை எல்லோரும் தலையாட்டினார்கள். மதுசாரம் துளியும் இல்லை என்றேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்படியானால் இது எந்த நோய்க்கான மருந்து என்று செயலாளர் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "உள்ளதைச் சொல்லும்" என்றார்.

நோய்க்கு இல்லை, பிரசவமான பெண்களுக்குக் கொடுப்பது என்று சொன்னேன்.

 பழம் பறிகொடுத்தவரும் குழுவில் ஒருவர்; அவர் மெதுவாகத் தான் கொண்டுவந்திருந்த கப்பைக் கீழே வைத்தார். பிறகு, வழக்கமாக எத்தனை நாள் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

"முப்பத்தொரு நாள்" என்றார் அக்கா, எனக்கு முந்திக்கொண்டு, ஆங்கிலத்தில்.

"நான் ஆறு வாரம் குடித்திருக்கிறேன்" என்றார் அவர்.

ஜன்னலோரத்தில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தி, எனக்கு நாலு பிள்ளைகள், நாலுக்கும் வெறும் டீதான் கொடுத்தார்கள், எனக்கு ஒரு கப் ஊற்றுங்கள் என்றார். அதோடு கூட்டம் முடிந்த மாதிரிதான். சரக்குத் தண்ணி பாதுகாப்பான பானம் என்றும், அக்கா சுக்கான் பிடிக்கலாம் என்றும் செயலாளர் எழுதிக்கொண்டார். ஆனால் எட்டுப் பேர் விதி விதிதான், எச்சரிக்கை எச்சரிக்கைதான் என்றார். அவர் மட்டும் சுவைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. ஊரெல்லாம் பனி. டிராம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஏரிக் கரையோரம் கண்ணாடி போல ஒரு படலம் கட்டியிருந்தது. அக்கா எனக்கு முன்பே வந்து, துறையில் கிடந்த பனியை மண்வெட்டியால் தள்ளி, உப்புத் தூவியிருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். காலில் பாண் பை மாட்டிக்கொண்டார்கள், கப்பை நீட்டினார்கள். பத்தரை ஆனது. அக்காவையும் என்னையும் சேர்த்து ஏழு பேர். மீட்புப் படகில் இரண்டு பேர் தயார். அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

பதினொன்றுக்குக் கணக்கு எடுக்க வேண்டும். அக்கா ரோட்டைப் பார்த்தார். நான் பலருக்கு போன் செய்தேன். ஒருவருக்குக் காரை வெளியே எடுக்க முடியவில்லை, ஒருவருக்குக் காய்ச்சல். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது அக்கா ரோட்டைப் பார்ப்பதை நிறுத்தினார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஒரு வார்த்தையை எங்கள் ஊர்க் காதால் கேட்டுவிட்டு, ஒரு மனுஷியின் ஞாயிற்றுக்கிழமைகளை இல்லாமல் செய்துவிட்டேன்.

செயலாளர் துறை முனையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். மெல்லிய கோட்டு, தோல் கையுறை. ஏழு என்று எழுதப்போனார். பென்சில் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் நழுவியது.

அக்கா போய் பென்சிலை எடுத்துக் கொடுக்கவில்லை. அவருடைய தோல் கையுறையைக் கழற்றினார். விரல் நுனியை அழுத்திப் பார்த்தார்.

"யூ ஆர் கோல்ட்" என்றார்.

எனக்குக் குளிரவில்லை என்றார் செயலாளர்.

அக்கா காது மடலைக் கிள்ளினார். செயலாளருக்கு எழுபது வயது. அந்தக் காதை அவருடைய அம்மாவுக்குப் பிறகு யாரும் கிள்ளியிருக்க மாட்டார்கள்.  அக்கா ஒரு கப் ஊற்றி அவருடைய இரண்டு கைக்குள்ளும் வைத்தார். குடித்தார். முகம் சிவந்தது, கண் கலங்கியது, இருமினார். அவர் இருமி முடிப்பதற்குள் அவருக்கு மூன்றாவது கம்பளிச் சட்டையை மாட்டியாகிவிட்டது. பாண் பையை நான் மாட்டினேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவர் மஞ்சள் கையுறையோடு எங்கள் வள்ளத்தில் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அட்டையை மடியில் வைத்து, விதிப்படி தானும் ஓர் உறுப்பினரே என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, எட்டு என்று எழுதினார்.

ஏரி நடுவுக்கு வந்துவிட்டோம். செயலாளர் தாளத்துக்குக் காலைத் தட்டிக்கொண்டே, படகிலிருந்தபடி மற்றப் படகுகளைப் பார்த்து ஒவ்வொருவரையும் முறைப்படி விசாரித்தார். குளிர்கிறதா? இல்லை, இல்லை என்று பதில் வந்தது. என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கடைசியில் திரும்பி அக்காவைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை யாரும் அக்காவிடம் கேட்டு நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் சுக்கானை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நோ, நோ" என்றார். செயலாளர் ஒரு டிக் போட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் பக்கமாகக் குனிந்தார். "பொய்தான் தம்பி சொன்னனான். குளிருது. நோர்வேயில போய் இறங்கின நாள் தொடங்கினது, இருபத்திரண்டு வருசம், இன்னும் விடேல்லை. உந்தாளுக்குச் சொல்லிப்போடாதையும். என்ர பேரை வெட்டிப்போடுவார், பிறகு ஏழு பேர்தான்."

நான் சொல்லவில்லை. பாய்க் கயிற்றைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்க்கைத் திறந்து, அவருக்கு ஒரு கப் ஊற்றி நீட்டினேன். அவர் அதையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுக்கானை முழங்கையால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கப்பை வாங்கி, ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுருங்கியது.

"உப்புக் காணாதே" என்றார். "இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"